மாத்தாள் வராத ஷிப்ட்

சங்கரபாண்டி அண்ணாச்சி காதைத் தொட்டார். பிறகு ஐந்து விரலையும் விரித்து முகத்துக்கு நேராக ஆட்டினார்.

மில்காரர்களின் கைப்பேச்சில் அதற்கு அர்த்தம், 'மிஷின் ஓடுது, நீ சொல்றது கேக்கல.'

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். அங்கே மிஷின் எதுவும் ஓடவில்லை. ஓடுவதற்கு மிஷினே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ரொம்ப நாளாகியிருந்தது. உச்சி வெயில் நேரம். கூரையில் ஒரு புறா சிறகை மடக்குகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"அண்ணாச்சி" என்றேன் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் காதைத் தொட்டார்.

போன வாரம் இதே பக்கத்தில், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மாலை மைக் ஸ்டாண்டுக்கு விழுந்த கதையை எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சாத்தூரிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். அவருக்கு இந்த வாரம் வயிற்று வலி வராது. வேறு ஏதாவது வந்தால் நான் பொறுப்பில்லை.

மைக்கு

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைத் தோற்கடித்தது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை கணக்கு தனக்குத் துணையாக அறிவியலையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து அடிக்க வந்தால் ஓடிவிடுவதுதான் வீரம். ஓடிப்போய் விழுந்த இடம், ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையிலிருந்த இபுராகீம் பாயின் மைக்செட் கடை.

ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட், இரண்டு பேட்டரி, ஒரு பழைய டேப்ரெக்கார்டர். இதுதான் கடை. கணேசன் என்று வீட்டில் வைத்த பெயர் அங்கே சேர்ந்த வாரமே செத்துப்போய் 'மைக்கு' ஆனேன்.

"ஒனக்குப் படிப்பு ஏறலன்னு எவம்ல சொன்னது?" என்பார் பாய். "ஏறுச்சு. ஏறி மறுபக்கமா எறங்கிருச்சு."

கடைக்கு எதிர் வீடு சங்கரபாண்டி அண்ணாச்சி வீடு. சொந்தமெல்லாம் கிடையாது. அவர் அண்ணாச்சி என்பதால் அவர் சம்சாரம் குருவம்மா எனக்கு மதினி. மதினி என்றால் கேலி பேச லைசென்ஸ் உண்டு. அந்த லைசென்ஸை நான் ஒரு நாளும் சும்மா வைத்திருந்ததில்லை.

"மதினி, இன்னைக்கு என்ன குழம்பு? வாசம் நம்ம கடைக்கு வந்து ஸ்பீக்கரே தும்முது."

"வாங்க கொழுந்தனாரே, ஒங்க வாய்ல ஊத்தத்தான் கொதிக்க வச்சிருக்கேன்."

அண்ணாச்சிக்கு மேற்கே மலைப் பக்கமாக இருந்த மில்லில் நூற்கிற இடத்தில் வேலை. நீளமான மிஷின், வரிசையாகச் சுற்றுகிற கதிர்கள். அதில் எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிப்பதற்குள் வேறு எங்கேயாவது அறுந்திருக்கும். அந்த வேலைக்காரருக்கு சைடர் என்று பெயர். அண்ணாச்சி விரல் போனால் நூல் அறுந்த இடமே தெரியாது என்பார்கள்.

கையால் பேசுகிறவர்கள்

எங்கள் தெருவில் பாதிப் பேர் மில்லில்தான் இருந்தார்கள். உள்ளே இருக்கிற இரைச்சலில் கழுத்தறுபட்டாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைப்பேச்சுதான். மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பீடி இருக்கா. மணிக்கட்டில் தட்டினால் நேரம் என்ன. இன்னும் சிலது உண்டு, பெண்களும் படிக்கிற பத்திரிகை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கோயில் கொடையில் என் ஸ்பீக்கர் அலறும்போது ஊரே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். மில்காரர்கள் மட்டும் ஆளுக்கொரு மூலையில் நின்று சாவகாசமாகக் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள், கையாலேயே.

வீட்டுக்கு வந்தால் தலைகீழ். காது பாதி அடைத்திருப்பதால் எல்லாரும் கத்துவார்கள். அண்ணாச்சி மதினியிடம் ரகசியம் சொன்னால் டீக்கடைக்காரர் பதில் சொல்வார்.

இன்னொரு வழக்கம். இதைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது என்பதற்காக ஒரு சைடர் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மிஷின் முன்னால் நிற்க வேண்டும். அவருக்குப் பெயர் மாத்தாள். இருவரும் மிஷினின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சேர்ந்து நடந்து பார்ப்பார்கள். பிறகு பழைய ஆள், கழிவுப் பஞ்சு போடுகிற பையை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் புதிய ஆள் இடுப்பில் கட்டிவிடுவார். அத்தோடு மிஷின் கை மாறிவிட்டது. மாத்தாள் வராவிட்டால்? நிற்க வேண்டியதுதான்.

அண்ணாச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள் மாத்தாள் வரவில்லை. மனுஷன் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மில்லிலேயே நின்றுவிட்டார். இங்கே நலுங்கு வைக்க மாப்பிள்ளை இல்லை. கடைசியில் அவர் சாப்பிடுகிற தூக்குவாளியை மணையில் வைத்து, அதற்கு மஞ்சள் பூசி நலுங்கு வைத்தார்கள்.

"நான் கட்டுனது இவியளயா, தூக்குவாளியயான்னு இன்னும் தெரியல தம்பி" என்பார் மதினி.

கேசட்டில் மாட்டிய சங்கு

எண்பதுகளின் கடைசியில் மில்லை மூடினார்கள். நஷ்டம் என்றார்கள். கேட்டில் தாள் ஒட்டினார்கள். மில்காரர்கள் தாளின் முன்னால் நின்று கொஞ்ச நாள் கத்தினார்கள். பிறகு மிஷின்கள் வெளியே போயின.

சங்கு நின்ற பிறகுதான் ஊருக்கு அது எம்புட்டு வேண்டியிருந்தது என்று தெரிந்தது. பால்காரர் தாமதமாக வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனார்கள். நான் கடைக்குப் பிந்திப் போனதற்குக்கூடச் சங்கைக் காரணம் காட்ட முடிந்தது.

அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பேச்சு நின்றது. சாப்பாடு ஒப்புக்கு. மடியில் கிடந்த விரல்கள் மட்டும் எதையோ கிள்ளி, முறுக்கி, ஒட்டிக்கொண்டே இருக்கும். மதினி வீட்டில் பேண்டேஜ் துணி சுருட்டுகிற வேலை எடுத்து அடுப்பை எரித்தார். நான் வாசலில் நின்று என்னென்ன கோமாளித்தனம் செய்தாலும் அண்ணாச்சி திரும்ப மாட்டார். என் கேலி விலைபோகாத ஒரே வீடு அது.

ஒரு நாள் காலை, ரிப்பேருக்கு வந்த குழாய் ஸ்பீக்கரைச் சோதிக்க ஏதோ ஒரு கேசட்டைப் போட்டேன். எவரோ ஒருவர் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசியது. "மணமக்கள் பதினாறும் பெற்று" என்று ஆரம்பித்ததும், பேச்சின் குறுக்கே மில் சங்கு ஊதியது. பேசினவர் விழுங்கப்பட்டார். சங்கு மட்டும் தெரு முழுக்க நீளமாக, அடிவயிற்றிலிருந்து, ஊதிக்கொண்டே போனது.

எதிர் வீட்டில் கதவு திறந்தது.

அண்ணாச்சி நின்றிருந்தார். கழுவின முகத்தில் தண்ணீர் சொட்டியது.

"ஏட்டி, சங்கு ஊதிருச்சு. தூக்குவாளி எங்க? என்னட்டி முழிக்க?"

மாசக்கணக்கில் வாய் திறக்காத மனுஷன். மதினி உள்ளே ஓடினார். தூக்குவாளி வந்தது. அண்ணாச்சி மேற்கே நடந்தார். சாயந்திரம் களைத்துத் திரும்பி வந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விடியும்போதே மதினி கடை வாசலில் நின்றார். கேலி பேசுகிற முகம் இல்லை.

"தம்பி, இன்னைக்கும் அதைப் போடுவியளா?"

"பொய்ச் சங்கும்மா" என்றார் பாய். "இல்லாத மில்லுக்கு ஊதலாமா?"

"அவிய என்ன ஏட்டின்னு கூப்பிட்டாவ பாய். எனக்கு அது போதும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கேசட்டைத் திருப்பிச் சுற்றினேன்.

தலையில் பஞ்சு

தினமும் காலையில் ஊதினேன். ஊதினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், பட்டனை அமுக்கினேன். சாயந்திரமும் ஒரு தடவை. அண்ணாச்சிக்குச் சதை வைத்தது. கத்திப் பேச ஆரம்பித்தார். தெருவில் இன்னும் நாலைந்து கதவுகள் அதே நேரத்துக்குத் திறந்தன. இன்னும் சில தூக்குவாளிகள் மேற்கே போயின. 'பாவம், மில்லை ஒட்டின மாந்தோப்பில் போய் உட்கார்ந்து சீட்டு விளையாடட்டும்' என்று பெண்கள் கண்டுகொள்ளவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் மதினி சீப்பைக் கொண்டுவந்து காட்டினார். பல்லிடுக்கு முழுக்கப் பஞ்சு.

"இது அவிய தலையில இருந்து வந்தது தம்பி. மாந்தோப்புல ஏது பஞ்சு?"

"இலவம் பஞ்சா இருக்கும் மதினி. அண்ணாச்சி தலையணைக்குச் சேக்காரு."

மதினி சிரிக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். தோப்புக்குள் ஆள் இல்லை. தோப்பின் முடிவில் மில் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. உள்ளே ஒற்றையடிப் பாதை. புல் மிதிபட்டு வழவழவென்று இருந்தது.

பெரிய கொட்டகை. வெறுமை. மிஷின் நின்ற இடங்களில் தரையில் போல்ட் முனைகள் மட்டும் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வரிசைகளுக்கு நடுவே எங்கள் தெருக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவர் குனிந்தார், காற்றில் எதையோ கிள்ளினார், முறுக்கினார், ஒட்டினார், நகர்ந்தார். அந்தக் கோடியில் இரண்டு பேர் கையால் பேசிச் சிரித்தார்கள். வாய் திறந்திருந்தது, சிரிப்புச் சத்தம் இல்லை. இரைச்சலுக்குள் சிரிக்கிறவன் சத்தத்தை வீணாக்க மாட்டான் இல்லையா? அப்படி ஒரு சிரிப்பு. செருப்புச் சத்தம் மட்டும் சரக் சரக் என்று கேட்டது.

மேலேயிருந்து பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கூரைக் கம்பிகளில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது காற்றுக்கு உதிர்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று காற்று இல்லை.

அங்கேதான் அண்ணாச்சி காதைத் தொட்டார்.

எனக்குப் பயம் வந்தால் கேலியும் கூடவே வரும். 'என்னய்யா நாடகம்' என்று நினைத்துக்கொண்டு, போல்ட் வரிசைக்குக் குறுக்கே, மிஷின் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குள் கால் வைத்தேன்.

எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அத்தனை முகத்திலும் ஒரே பயம். அண்ணாச்சி பாய்ந்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். என் கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். பிறகு கையை நீட்டி வாசலைக் காட்டினார்.

வெளியே வந்து சட்டையைப் பார்த்தேன். அவர் பிடித்த இடத்தில் மிஷின் எண்ணெய், கறுப்பாக, ஈரமாக.

ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்பு

மதினிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் தம்பி அங்கே சொந்தமாகப் பால்கோவா போடுகிறவர். ஆடிப்பூரம் நெருங்குகிற நேரம். சட்டி முன்னால் நின்று கிண்டுகிற ஆள் விலகிவிட்டதால், அத்தானையும் அக்காளையும் அங்கேயே வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். வீடும் பார்த்துவிட்டார். திருவிழாவுக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைக்க வேண்டியிருக்கும்.

மதினி அண்ணாச்சியிடம் சொன்னார். பதில் எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

"பெர்மனென்ட் வேலைய விட்டுட்டு வந்து பால் கிண்டச் சொல்லுதானா ஒந்தம்பி? மேஸ்திரிட்ட என்னன்னு சொல்லுவேன்? போ ஏட்டி!"

அன்றைக்கு மத்தியானம் மதினி கடைக்கு வந்தார்.

"போதும் தம்பி. இனிமே ஊத வேண்டாம்."

"என்ன மதினி, நீங்கதான..."

"சோறு தின்னா போதும்னு நெனச்சேன். இப்ப வீட்டுக்குள்ளயும் என்னப் பாத்துக் காதத் தொடுதாவ. நேத்து பக்கத்துல ஒக்காந்து அழுதேன். சிரிச்சிக்கிட்டே காதத் தொடுதாவ தம்பி. மிஷினு ஓடுதாம்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இந்தத் திருவிழாவுக்குள்ள அவியளக் கூட்டிட்டுப் போவல, பொறவு எனக்கு அவிய இல்ல."

மறுநாள் காலை கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தேன். ஆம்ப்ளிபயர் வயரைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தேன். தெரு அமைதியாக இருந்தது.

டீக்கடை வாசலில் ஒரு வெள்ளை நாய் எப்போதும் படுத்துக் கிடக்கும். எங்கள் ஊர் ஜாதி நாய், ரோஸ் மூக்கு, பிறவிச் செவிடு. எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் செவிடு அதிகம். நான் அதன் காதோரம் ஸ்பீக்கரை வைத்து அலறவிட்டபோதும் கண்ணைத் திறக்காத நாய்.

அது தலையைத் தூக்கியது. காதை விறைத்து மேற்கே பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி ஊளையிட்டது.

கதவுகள் திறந்தன. அண்ணாச்சி தூக்குவாளியோடு படியிறங்கினார்.

பாய் உள்ளேயிருந்து வந்தார். "மைக்கு, வேண்டாம்னு அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சு. ஏம்ல போட்ட?"

நான் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்துக் காட்டினேன். பாய் கேசட்டைப் பார்த்தார், பிடுங்கிக் கிடந்த வயரைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சுல" என்றார் மெதுவாக.

அன்று அந்தத் தெருவில் சங்கு கேட்காத ஒரே ஆள் நான்தான்.

கூரை

அடுத்த சில நாளில், மத்தியான வெயிலில், மதினி தலைவிரிகோலமாக ஓடி வந்தார். மில் கூரையைப் பிரிக்க லாரியில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கிழக்குக் கோடியிலிருந்து தகடுகளை நெம்பித் தள்ளிக்கொண்டே மேற்கே வருகிறார்கள். உள்ளே ஆள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து கத்தியிருக்கிறார்கள். கீழே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, காதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். யாரோ பைத்தியங்கள் கேலி செய்கிறார்கள் என்று கூரை ஆட்களும் வேலையைத் தொடர்ந்துவிட்டார்கள்.

"என் சத்தம் கேக்க மாட்டேங்கு தம்பி. தொட்டு இழுத்தேன், மேஸ்திரி பாப்பாரு போன்னு கையக் காட்டுதாவ."

"சங்கக் கொண்டா" என்றார் பாய்.

பேட்டரியும் ஆம்ப்ளிபயரும் ஒரு சைக்கிளில், குழாயும் டேப்பும் இன்னொன்றில். இடிந்த சுவரில் குழாயைச் சாய்த்து, வயரை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். "மணமக்கள் பதினாறும் பெற்று" என்றார் அந்தப் புண்ணியவான். பிறகு சங்கு.

உள்ளே எல்லாரும் நிமிர்ந்தார்கள். துண்டை உதறினார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். பின்னால் தூரத்தில் ஒரு தகடு விழுந்து உடைந்தது. யாரும் திரும்பவில்லை.

வந்தவர்களில் அண்ணாச்சி இல்லை.

மதினி கடைசியாக வந்தவர் கையைப் பிடித்தார். "அவிய எங்க?"

"எங்களுக்கு வந்தாச்சு, அவனுக்கு இன்னைக்கு மாத்தாள் வரலைல்லா?" என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "வராம எப்படி வருவான்?"

மதினி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கேலிக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. போனேன்.

கொட்டகைக்குள் தூசி. மேலே கடப்பாரைச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தன் வரிசையில் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். என் நெஞ்சைத் தொட்டேன், வரிசையைக் காட்டினேன். நான் பாத்துக்கிடுதேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பார்த்த அதே பார்வை. அப்புறம் தலையை ஆட்டி, கையால் வா என்றார்.

அவசரமே இல்லை அவருக்கு. இந்த முனையிலிருந்து ஆரம்பித்தார். இது அடிக்கடி அறும், பாத்துக்கோ. இது பரவாயில்லை. இங்கே எண்ணெய் கசியும். ஒவ்வொன்றாக விரலால் காட்டிக்கொண்டே நடந்தார். எங்களுக்குப் பின்னால் வெயில் சதுரம் சதுரமாக உள்ளே விழுந்தது. ஒரு தகடு, அப்புறம் இன்னொன்று. அவரைத் தள்ளிக்கொண்டு ஓடலாமா என்று கை துடித்தது. பாதியில் விட்டு வந்தால் நாளைக்கு மறுபடி வந்துவிடுவார் என்று ஏனோ எனக்குத் தெரிந்திருந்தது. நடந்தேன். தலையாட்டினேன். கவனமாகவும் பார்த்தேன்.

அந்த முனை வந்தது. அண்ணாச்சி இடுப்பிலிருந்து கழிவுப் பஞ்சுப் பையை அவிழ்த்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, முடிச்சை இறுக்கிக் கட்டினார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். இடிந்த சுவர்ப் பக்கம் மதினி நிற்பதைப் பார்த்து ஏதோ கேட்டது தெரிந்தது.

தெரிந்தது என்றுதான் எழுத முடிகிறது. கேட்கவில்லை. முடிச்சு விழுந்த கணத்திலிருந்து அந்தக் கொட்டகை முழுக்க இரைந்துகொண்டிருந்தது. தரை காலுக்கடியில் நடுங்கியது. எனக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு நூல் அறுந்தது. நான் குனிந்தேன்.

பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. நான் நின்ற இடத்தில் தகடு வந்து விழுந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"எம்புட்டுக் கத்துனேன்!" என்றார் பாய். "காது கேக்கலயால ஒனக்கு?"

அடிப்பிடிக்கும் பால்

திருவிழாவுக்கு முன்பே அண்ணாச்சியும் மதினியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார்கள். மில் இருந்த இடம் வெறும் திடலாகி, வேலி விழுந்தது.

கொஞ்ச காலம் கழித்து, ஆண்டாள் கோயில் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் போட்ட மறுநாள், அவர்களைப் பார்க்கப் போனேன். நீளமான கொட்டகை. வரிசையாக விறகு அடுப்பு. ஒரு சட்டியின் முன்னால் அண்ணாச்சி துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார். தொப்பை விழுந்திருந்தது. முடி முழுக்கக் கறுப்பு, ஒரு பஞ்சு இல்லை.

"அண்ணாச்சி! எப்படி இருக்கிய? பாலுக்கும் மாத்தாள் உண்டா?"

"ஏம்ல இந்தக் கத்துக் கத்துத? பக்கத்துலதான நிக்கேன்" என்றார். அவர் குரல் மெதுவாக இருந்தது. அண்ணாச்சி மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அதையும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

நான் கத்தியது எனக்குத் தெரியவில்லை.

பைக்குள்ளிருந்து அந்த இடுப்புப் பையை எடுத்தேன். அதைத் தூக்கிப்போட எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. வீட்டில் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை தட்டிவிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பஞ்சு நிரம்பி வழிந்தது.

விளையாட்டுப்போல நீட்டினேன். "நீங்க கட்டிவிட்டது. நீங்களே மாத்தி விடுங்க அண்ணாச்சி. எனக்கு இன்னும் ஆள் வரல."

அண்ணாச்சி பையைப் பார்த்தார். துடுப்பு மட்டும் நிற்கவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது.

பிறகு முகத்தைச் சட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பால் அடிப்பிடிச்சிரும்ல" என்றார்.

மதினிதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். ஓலைப் பெட்டியில் பால்கோவாவைச் சூடாக என் கையில் வைத்தார். நான் பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்.

"தம்பி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். இனிமே அவிய கண்ணுல படாதிய."

என் கேலி எதுவும் செல்லாத இரண்டாவது இடம் அது. சரி மதினி என்று தலையாட்டினேன்.

பஸ் கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். வாய் அசைந்தது. நான் சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். என் கை தானாக எழுந்து, காதைத் தொட்டு, ஐந்து விரலையும் விரித்து ஆட்டியது.

இதைப் படிக்கிறவர்களில் பழைய சைடர் யாராவது இருக்கலாம். மில்லை மூடிவிட்டார்கள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அய்யா, ராஜபாளையம் பக்கம் வந்தால் மைக்கு வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் சில நூல் மட்டும் அடிக்கடி அறும். எதெது என்று நான் காட்டித் தருகிறேன்.